தோட்டாக் கூடும் தாயத்தும்

(மதுரையை அடுத்த கிராமம் ஒன்றில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூடு என்னும் ஒரு சிறு சாமானைப் பற்றியதாகும். "ஜாதியைப் பற்றிப் பேசுவார், சாமியைப் பற்றிப் பேசுவார் என்று வந்தால், இவர் பட்டாளத்துச் சங்கதி பேசுகிறாரே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் இதை நாமாகத் தேடிப் போகவில்லை. இந்த வட்டாரத்திலேயே ஒரு வீட்டில், காய்ச்சலாய்க் கிடந்த குழந்தையின் தொட்டில் கயிற்றில் இது தொங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் எடுத்துக்கொண்டோம்.

நடந்தது இதுதான். கூலி வேலை செய்யும் ஒரு வாலிபர், இரண்டு வயதுக் குழந்தை, விடாத காய்ச்சல். பக்கத்து ஊர் மந்திரவாதி ஒருவன் ஒரு பித்தளைக் குப்பியில் விபூதியை அடைத்து, வாயை அரக்கால் மூடி, கறுப்புக் கயிற்றில் கட்டிக் கொடுத்தான். அதற்காகத் தாயின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. எட்டு நாள் குழந்தை அப்படியே கிடந்தது. பிறகு அண்டை வீட்டு அம்மாள் ஒருவர் சண்டை போட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே இரத்தத்தைப் பரிசோதித்து, டைபாய்டு என்று கண்டு, மருந்து கொடுத்தார்கள், குழந்தை பிழைத்தது. நாம் பார்க்கப் போனபோது குழந்தை எழுந்து விளையாடிக்கொண்டிருந்தது. குப்பி மட்டும் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது! "ஏனப்பா இது?" என்று கேட்டோம். "டாக்டர் மருந்தும் கேட்டதுங்க, இதுவும் காத்ததுங்க. அடியிலே வேல் இருக்குது, மந்திர எழுத்து இருக்குது, ஏழு கன்னிமார் நம்பரும் இருக்குதுங்க" என்றார்.

நாம் அதை வாங்கிப் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தோம். அடித்தட்டில் எழுத்து இருந்தது உண்மை. இங்கிலீஷில் "கே", "எஃப்" என்று இரண்டு எழுத்துகள். நடுவில் மூன்று கோட்டில் ஓர் அம்பு. கீழே 7 என்ற எண். தோழர்களே! "கே.எஃப்." என்பது புனாவுக்குப் பக்கத்தில் கிர்க்கி என்னும் இடத்தில் 1869-ல் ஏற்பட்ட தோட்டாத் தொழிற்சாலையின் அடையாளம். அம்பு முருகனுடைய வேல் அல்ல. வெள்ளைக்கார சர்க்கார் தன் சொத்தின்மேல் குத்திய முத்திரை. 7 என்பது கன்னிமார் அல்ல. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்லுகின்றோம். ஏனென்றால் இன்றைய பேச்சின் முழுச் சாரமும் அந்த ஏழில்தான் இருக்கின்றது.

கொல்லும் கருவியைப் புகழ்வதற்காக நாம் இங்கு வரவில்லை. துப்பாக்கி இல்லாத உலகமே நல்ல உலகம். ஆனால் மனிதன் ஒரு காரியத்தில் தவறு நேர்ந்தபோது என்ன செய்தான், யார்மேல் பழி போட்டான், எப்படித் திருத்திக்கொண்டான் என்பதை இந்தப் பித்தளைக் கூட்டைப்போல் தெளிவாகக் காட்டும் சாமான் வேறு சிலவே உண்டு.

முதலில் இதன் வேலை என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். திருவிழாவில் இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து அதிர்வேட்டுப் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே மண்ணை இறுகக் கெட்டித்தால் "டமார்" என்கிறது. கெட்டிப்புத் தளர்ந்தால் "புஸ்" என்று போய்விடுகிறது. மருந்து எரிந்து உண்டாகும் ஆவி எந்தச் சந்து கிடைத்தாலும் வெளியேறும். துப்பாக்கியிலும் அதே கதைதான். முன்பக்கம் குண்டு போக வேண்டும். பின்பக்கம் ஒரு துளி ஆவிகூட வரக்கூடாது. வந்தால் சுடுகிறவன் முகத்திலேயே அடிக்கும். மருந்தையும் குண்டையும் நெருப்புப் பொட்டையும் ஒன்றாய்ப் பிடித்து வைத்திருப்பது, ஆவியைப் பின்னுக்கு விடாமல் அடைப்பது, வெடித்தபின் சுலபமாய்க் கழன்று வருவது ஆகிய இம்மூன்றும்தான் கூட்டின் வேலை.

ஆதியில் கூடு என்பது வெறும் காகிதம். நம் பக்கத்துச் சிவகாசி வெடியைப்போல, காகிதத்தைச் சுருட்டி அதற்குள் மருந்தும் குண்டும் வைத்திருப்பார்கள். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாயில் கொட்டி, குண்டை உள்ளே வைத்துக் கம்பியால் குத்தி இறக்குவான். 1853-ம் வருஷத்து மாதிரியான என்பீல்டு துப்பாக்கிக்கும் இதே முறைதான். அதன் குழலுக்குள் புரி வெட்டியிருந்ததால் குண்டு வழுக்கி இறங்குவதற்காகக் காகிதத்தின்மேல் கொழுப்பும் மெழுகும் தடவினார்கள். இந்தக் கொழுப்புதான் 1857-ல் இந்தியாவையே ஆட்டியது.

அந்தக் கதையில் எல்லோரும் சொல்லும் பாகத்தை விட்டு, சொல்லாத பாகத்தைச் சொல்லுகின்றோம். 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் ஆயுதச்சாலையில் வேலை செய்த தாழ்த்தப்பட்ட ஜாதித் தொழிலாளி ஒருவன், ஒரு பிராமணச் சிப்பாயிடம் அவன் செம்பில் தண்ணீர் கேட்டான். "நீ தொட்டால் செம்பு தீட்டாகிவிடும்" என்று சிப்பாய் மறுத்தான். "உன் ஜாதி எத்தனை நாளைக்கு? பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப் போகிறாயே!" என்று தொழிலாளி திருப்பிச் சொன்னான். இது அக்காலத்து இராணுவ அதிகாரி ஒருவர் மேலிடத்துக்கு எழுதியனுப்பிய சேதியாகும். தாகத்துக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்திருந்தால் அந்தப் பேச்சு அங்கே பிறந்திருக்காது!

கம்பெனியார் யோக்கியர்கள் என்று நாம் சொல்லவில்லை. கொழுப்பு வாங்கிய ஒப்பந்தத்தில் எந்த மிருகத்தின் கொழுப்பு என்று நிபந்தனையே வைக்கவில்லை என்பதை அவர்களே பின்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நாடுகளைப் பிடுங்கியதும், சிப்பாய்களை மதியாததும், அவர்கள் கோபத்துக்குத் தக்க காரணங்கள்தான். நம் வேலூரிலும் 1806 ஜூலை 10-ந் தேதி, புதுத் தொப்பியையும், நெற்றியில் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது என்ற உத்தரவுகளையும் காரணமாக வைத்துச் சிப்பாய்கள் கிளம்பினார்கள். அந்நியனை எதிர்த்தது குற்றமல்ல. ஆனால் கவனியுங்கள்: கம்பெனியார் பயந்துபோய், "உங்களுக்கு இஷ்டமான நெய்யையோ எண்ணெயையோ நீங்களே தடவிக்கொள்ளுங்கள், பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழியுங்கள்" என்று விட்டுக்கொடுத்தார்கள். உடனே சந்தேகம் கொழுப்பை விட்டுக் காகிதத்தின்மேல் பாய்ந்தது. காகிதத்தின் பளபளப்பே கொழுப்பால்தான் வந்தது என்றார்கள்! ஏப்ரல் 24-ந் தேதி மீரத்தில் 85 குதிரைப்படைச் சிப்பாய்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களை விலங்கிட்டுச் சிறையில் தள்ளினார்கள். மே 10-ந் தேதி கலகம் மூண்டது. தீட்டு என்ற எண்ணத்துக்கும் நம்பிக்கையற்ற ஆட்சிக்கும் நடுவே சிக்கிய பிறகு, எந்தச் சமாதானமும் பலிக்கவில்லை.

இனி, இதே காலத்தில் பட்டறையில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1812-லேயே பாரிசில் பாலி என்னும் சுவிஸ் நாட்டுத் துப்பாக்கித் தொழிலாளி, மருந்து, குண்டு, நெருப்புப் பொட்டு மூன்றையும் ஒன்றாய்ச் சேர்த்துக் குழலின் பின்பக்கம் நுழைக்கும் தோட்டாவுக்கு உரிமைப் பத்திரம் வாங்கியிருந்தார். ஜெர்மனியில் டிரைசே என்பவரின் துப்பாக்கி 1841-ல் பட்டாளத்துக்கு எடுக்கப்பட்டது. அதில் தோட்டாவைப் பின்னால் வைத்து மூடலாம்; ஓர் ஊசி காகிதத்தைத் துளைத்துக்கொண்டு போய்ப் பொட்டைக் குத்தும். ஆனால் கூடு காகிதமாகவே இருந்ததால் பின்பக்கச் சந்தில் ஆவி சீறியது. அவர்கள் அதை அக்கினி பகவானின் கோபம் என்று சொல்லவில்லை. "காகிதம் அடைக்கவில்லை, அடைக்கக்கூடிய வேறொன்று வேண்டும்" என்று ஆலோசித்தார்கள்.

அந்த வேறொன்றுதான் பித்தளை. நெருப்பின் அழுத்தத்தில் மெல்லிய பித்தளை விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொண்டு சந்தை அடைத்துவிடும். அழுத்தம் குறைந்ததும் சற்றே சுருங்கி, இழுத்தால் வந்துவிடும். இங்கிலாந்தில் கர்னல் பாக்ஸர் என்பவர் மெல்லிய பித்தளைத் தகட்டைப் பாய்போல் சுருட்டி, அடியில் இரும்புத் தட்டு வைத்து ஒரு கூடு செய்தார். 1866-ல் பழைய என்பீல்டுகளின் பின்பக்கத்தை வெட்டி இந்தக் கூட்டை வைக்கும்படி மாற்றினார்கள்; அதற்கு ஸ்னைடர் துப்பாக்கி என்று பெயர். சிப்பாய் கடிக்க வேண்டிய அவசியமே இல்லாமற் போயிற்று! எந்தப் பல்லும் எந்தக் கொழுப்பையும் தொட வேண்டிய வேலை ஒழிந்தது. மீரத்துக்கும் இதற்கும் இடையே ஒன்பதே வருஷம். சாஸ்திரத்தால் தீர்க்க முடியாத சண்டையை ஒரு தகட்டுச் சுருள் தீர்த்துவிட்டது.

ஆனால் பாக்ஸர் கூடும் பூரணமானதல்ல. 1871-ல் மார்ட்டினி-ஹென்றி என்னும் துப்பாக்கி வந்தது. அதன் குண்டு ஒல்லி, மருந்து அதிகம். கூட்டை நேராய்ச் செய்தால் நெட்டையாகிவிடும். ஆகவே உடலைத் தடிப்பாகவும் கழுத்தைக் குறுக்கியும் புட்டிபோல் செய்தார்கள். தோட்டாவுக்குக் கழுத்து வந்த காரணம் இதுதான். மந்திரவாதி அரக்கு அடைப்பதற்காக வந்ததல்ல. இந்தக் கூடும் தகட்டுச் சுருள்தான். 1885-ம் வருஷம் சூடான் பாலைவனத்தில் அபூ கிலியா என்னும் இடத்தில் நடந்த சண்டையில், சூட்டிலும் மணலிலும் கூடு உள்ளே ஒட்டிக்கொண்டது; கொக்கி இழுத்தால் அடித்தட்டு மட்டும் பிய்ந்து வந்தது. சிப்பாய்கள் கையில் துப்பாக்கி இருந்தும் வெறுங்கையாய் நின்றார்கள். அப்போது, "செத்தவர்களின் தலைவிதி" என்றோ, "முறைப்படி பூஜை செய்யவில்லை" என்றோ சொல்லியிருந்தால் இன்றும் அந்தக் கூடே இருந்திருக்கும். "கூடு தப்பு" என்றார்கள். அதே வருஷத்தில் ஒரே துண்டுப் பித்தளையில் இழுத்துச் செய்த கெட்டியான கூட்டைக் கொண்டுவந்தார்கள்.

ஒரே துண்டில் எப்படிச் செய்வது? மதுரையில் கன்னார்கள் பாத்திரம் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது பாதி தெரியும். பித்தளையை அடிக்க அடிக்க அது முறுகிப்போகும். அதற்குமேல் அடித்தால் வெடித்துவிடும். ஆகையால் நெருப்பில் காட்டி இளக்கி மறுபடி அடிக்கிறார்கள். தோட்டாவுக்கும் அவ்வளவுதான். நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையில் ஒரு வட்டத் தட்டை வெட்டி, கிண்ணமாக அழுத்தி, காய்ச்சி, இழுத்து, மறுபடி காய்ச்சி, மறுபடி இழுத்துக் குழாயாக்குகிறார்கள். அடிப்பக்கம் தடித்தும் வாய்ப்பக்கம் மெல்லிதாயும் வருகிறது. அடி முறுகி உறுதியாயிருக்க வேண்டும். வாய் இளகி விரிய வேண்டும். ஒரே கூட்டில் இரண்டு குணம்! நம் கன்னாரின் கையறிவும் அந்த ஆலையின் அறிவும் ஒரே இனம்தான். ஆனால் கன்னாரைக் "கீழே உட்கார்" என்றும், ஒன்றும் செய்யத் தெரியாதவனை "மேலே உட்கார்" என்றும் வைத்தது நம் சமூகம்.

இப்போது தொட்டிலில் தொங்கிய குப்பிக்கு வருவோம். அது 303 என்று சொல்லப்படும் துப்பாக்கியின் தோட்டா. 1888-ல் பிறந்தது. நீளம் இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உடல் அடியிலிருந்து மேலே வரவரச் சற்றே குறுகியிருக்கும். ஏனென்றால், ஒரே பருமனான முளையை மண்ணில் அடித்தால் முழுவதும் உருவி முடியும்வரை உராயும். கூம்பான முளை ஓர் அசைப்பில் விட்டுவிடும். அடியில் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தோட்டா உள்ளே விழுந்துவிடாமல் தாங்கவும், கொக்கி பிடித்து இழுக்கவும் அந்த விளிம்பு. முதலில் கரிமருந்து போட்டார்கள்; புகை அதிகம், அழுக்கு அதிகம். 1891-ல் புகையில்லாத கார்டைட் வந்தது; அது சேமியாபோல் நூல் நூலாக இருக்கும். குறுகின கழுத்து வழியாக அந்தக் கட்டைச் செருக முடியாதென்று, செருகின பிறகே கழுத்தைக் குறுக்கினார்கள். இன்னொரு வேடிக்கை: அடியில் நெருப்புப் பொட்டு வைக்கும் முறையில் இங்கிலீஷ்காரர் பாக்ஸரின் முறையை அமெரிக்காக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், அமெரிக்காக்காரர் பெர்டானின் முறையை இங்கிலீஷ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எது நம் முன்னோர் வழி என்று யாரும் கேட்கவில்லை. எது தங்கள் வேலைக்கு ஒத்துவரும் என்றுதான் பார்த்தார்கள்.

"அப்படியானால் வெள்ளைக்காரனிடம் பழமைப் பிடிவாதமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தது! விளிம்பு வெளியே நீட்டினால் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்று மாட்டிக்கொள்ளும் என்பது தெரிந்த சங்கதி. ஜெர்மனியார் 1888-லேயே விளிம்பை வெளியே நீட்டாமல், அடியைச் சுற்றிப் பள்ளம் வெட்டிக் கொக்கி பிடிக்கும்படி செய்துவிட்டார்கள். இங்கிலாந்தும் 1913-ல் அப்படி ஒன்றைச் செய்து பரீட்சை பார்த்தது. மறுவருஷம் மகாயுத்தம் வந்ததும், இருக்கிற ஆலைகளையும் கையிருப்பையும் விட முடியாமல் பழைய விளிம்போடேயே நின்றது. ஆனால் அந்த விளிம்பைத் தெய்வம் படைத்தது என்று யாரும் சொல்லவில்லை. பணமும் சௌகரியமும் தடுத்தன. சமயம் வந்தபோது விட்டுவிட்டார்கள். 1954-ல் மேல்நாட்டுக் கூட்டணியார் விளிம்பு நீட்டாத 7.62 மில்லிமீட்டர் தோட்டாவை ஒப்புக்கொண்டார்கள். இந்தியப் பட்டாளமும் 1960-களில் அதற்கு மாறி, 1990-களில் அதைவிடச் சிறிய 5.56-க்கு வந்தது. உத்தரப் பிரதேசத்துப் போலீசார் 303 துப்பாக்கிக்கு 2020 ஜனவரியில்தான் விடை கொடுத்தார்கள்.

இந்தக் கூட்டைக்கொண்டு ஆளுகிறவன் ஆளப்படுகிறவனை எப்படி அடக்கினான் என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1801 டிசம்பரில், பாளையக்காரர் சண்டைகள் முடிந்த கையோடு, நம் தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்று கம்பெனியார் விளம்பரம் செய்தார்கள். 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கென்று, புரி இல்லாத வழவழப்பான குழலுள்ள துப்பாக்கியைத் தனியாகச் செய்தார்கள். போலீசுக்கும் சிறைக் காவலர்க்கும் 303 கூட்டையே கழுத்துக் குறுக்காமல் நேராக விட்டு, 410 என்றொரு தோட்டா செய்தார்கள். அதற்கான துப்பாக்கியில் தோட்டாப் பெட்டி இருந்த இடத்தில் மரக்கட்டையை அடைத்தார்கள். ஒரு தடவைக்கு ஒன்றுதான் சுடலாம். தங்கள் ஊழியனையே நம்பாதவர்கள் ஜனங்களை நம்புவார்களா? மார்ட்டினித் தோட்டாவின் குண்டு கலகக்காரர்களுக்குப் பயன்படுமென்று, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் 450 அளவையே இந்தியாவில் தடுத்தார்கள். வேட்டைக்கார வெள்ளைக்காரர்களுக்காக உடனே 470 முதலிய புது அளவுகள் பிறந்தன. ஒரு கூட்டின் குறுக்களவில்கூட அரசியல் இருக்கிறது!

இதே உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3-ந் தேதி, குற்றப்பரம்பரைச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த ஜனங்கள் சுடப்பட்டார்கள். ஒரு பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். எந்தத் தாயத்தும் அவர்களைக் காக்கவில்லை. அப்பேர்ப்பட்ட மண்ணில், அதே சாமானின் காலிக் கூட்டைக் குழந்தையின் தொட்டிலில் காவலாகக் கட்டுவதென்றால், இதைவிட வெட்கக்கேடு வேறென்ன இருக்கின்றது?

கடைசியாக அந்த 7. அது 303 தோட்டாவின் ஏழாவது மாதிரி என்பதற்கு அடையாளம், 1910-ல் ஏற்பட்டது. அதாவது மருந்திலும், குண்டிலும், மற்றதிலும் முன்னே ஆறு மாதிரிகளைச் செய்து பார்த்து, குறை கண்டு, ஏழாவதற்கு வந்தார்கள் என்று அர்த்தம். "நாங்கள் ஆறு தடவை குறை கண்டு திருத்தினோம்" என்று தன் முதுகிலேயே எழுதி வைத்துக்கொண்டிருக்கிற சாமானை, "என்றும் தவறாத மந்திரம்" என்று விற்றிருக்கிறான் அந்தப் பேர்வழி!

தோழர்களே! தோட்டா சரியாக வெடிக்காவிட்டால் பழி தோட்டாவின்மேல் விழுகிறது. அதனால் தோட்டா திருந்துகிறது. தாயத்து பலிக்காவிட்டால் பழி யார்மேல் விழுகிறது? "நீ சுத்தமாயில்லை, வீட்டில் தீட்டு, உன் விதி" என்று கட்டிக்கொண்டவன்மேல் விழுகிறது; அதனால் தாயத்து ஆயிரம் வருஷமானாலும் திருந்துவதில்லை. பலித்தால் மட்டும் பெருமை அதற்கு! ஆயுதபூஜையன்று இயந்திரத்துக்குச் சந்தனம் வைக்கிறவனும், மறுநாள் அது நின்றுபோனால் மெக்கானிக்கைத்தான் கூப்பிடுகிறானே தவிர, புரோகிதரைக் கூப்பிடுவதில்லை. இயந்திரத்துக்குக் காட்டும் அந்த யோசனையைக் குழந்தைக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்ளுகின்றோம்.

உங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தால், "இது எந்தக் குறையைத் தீர்க்க வந்தது? தவறியபோது யார் இதைத் திருத்தினார்கள்?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். "கேட்கவே கூடாது" என்பதே பதிலானால், அது எவனோ ஒருவன் உங்கள் தோட்டை அடகு வைக்கச் செய்த வழி என்று அறிந்துகொள்ளுங்கள்.

அந்த வாலிபர் இன்று இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அரக்கை நோண்டி விபூதியைக் கொட்டியது அவர் கைதான். குப்பியை நம்மிடம் கொடுத்துவிட்டார். இதோ இருக்கிறது, கை மாற்றி எல்லோரும் பாருங்கள். தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அதை மீட்க இங்குள்ள தோழர்கள் தங்களால் ஆனதைத் தலைவரிடம் கொடுக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.